வீட்டிலும் வேலையிலும் ஆபத்தைக் குறைப்பது, மிச்சத்துக்குக் காப்பீடு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பீடு பற்றி என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் "எந்தப் பாலிசி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன, அவற்றைத்தான் இங்கே வரிசையாகப் போட்டிருக்கிறேன். நான் ஏஜெண்ட் இல்லை, எதையும் விற்கவும் இல்லை. சட்டமும் பாலிசி வாசகமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எங்கேயும் பொருந்துகிற அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டேன். உங்கள் பாலிசித் தாளில் என்ன அச்சாகியிருக்கிறதோ, உங்களுக்கு அதுதான் செல்லும்.

பாலிசிதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை?

காப்பீடு பணம் மட்டும்தான் தரும், அதுவும் பேசிய அளவுக்கு, பேசிய காரணத்துக்கு. வெந்த கையை அது ஆற்றாது. மூன்று மாதம் கடை மூடிக் கிடந்தபோது வேறு இடத்துக்குப் பழகிப்போன வாடிக்கையாளரைத் திரும்பக் கூட்டி வராது. இன்னொன்று, பெரும்பாலான பாலிசிகளில் "காப்பீடு செய்தவர் நியாயமான கவனத்தோடு நடந்துகொள்ள வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திருட்டு போனது என்று கேட்டால் அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார்கள்.

நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் ஆபத்தைக் குறைக்க முடிந்த அளவு குறைப்பது. அப்புறம் சின்ன நஷ்டத்தைத் தாங்கக் கையில் கொஞ்சம் பணம் ஒதுக்குவது. நம்மைக் குப்புறத் தள்ளிவிடக்கூடிய நஷ்டம் எதுவோ, அதற்கு மட்டும் காப்பீடு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போன் கண்ணாடிக்குக் காப்பீடு இருக்கிறது, குடும்பத்தைக் காப்பாற்றும் சம்பளத்துக்கு இல்லை.

என் வீட்டில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பேனா, ஒரு தாள், அரை மணி நேரம் போதும். வாசலில் ஆரம்பித்து ஒவ்வோர் அறையாக நடங்கள். பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி: இது நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு மோசம்? இரண்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குங்கள். பெரிய கம்பெனிகளில் இதையே கட்டம் போட்டு, சிவப்பு மஞ்சள் பச்சை அடித்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். விஷயம் இவ்வளவுதான்.

நான் முதல் தடவை அப்படி நடந்தபோது அலமாரிக்குப் பின்னால் ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டு கிடைத்தது. அதில் இன்னோர் எக்ஸ்டென்ஷன், அதில் ஹீட்டர். வயர் மிச்சமாக இருக்கிறதே என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தோம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகி லேசாக உருகியிருக்கிறது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுருட்டின வயரில் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும், ஹீட்டர் மாதிரி அதிகக் கரண்ட் இழுக்கும் சாமான் என்றால் சீக்கிரமே உருக ஆரம்பிக்கும்.

அந்தத் தாளில் "மயிரிழையில் தப்பித்தது" என்று தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். மாடிப்படியில் சறுக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது, அடுப்பை அணைக்க மறந்து பாதி வழியில் திரும்பியது, இப்படி. ஹைன்ரிக் என்ற அமெரிக்கர் 1931-இல், ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயமும் காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று எழுதினார். அந்த விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள், எனக்கும் அந்த எண்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் தப்பித்த சம்பவம் இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை என்பதில் சண்டை எதுவும் இல்லை.

கண்டுபிடித்தாயிற்று. எல்லாவற்றுக்கும் காப்பீடு எடுக்கணுமா?

வேண்டாம். ஓர் ஆபத்தை நான்கு விதமாகத்தான் கையாள முடியும்: அதைச் செய்யாமலே விட்டுவிடலாம், குறைக்கலாம், வேறொருவர் தலையில் ஏற்றலாம், அல்லது நாமே சுமக்கலாம். அடிக்கடி நடக்கும், ஆனால் சின்னது என்றால் குறைத்துவிட்டுச் சுமந்துகொள்ளுங்கள். தட்டு உடைவதற்கு யாரும் பாலிசி எடுப்பதில்லை. அரிதாக நடக்கும், நடந்தால் எழுந்திருக்கவே முடியாது என்றால் காப்பீட்டுக்கு அதுதான் சரியான இடம். வீடு எரிவது, சம்பாதிப்பவர் இறப்பது அல்லது வேலை செய்ய முடியாமல் போவது, நீண்ட மருத்துவச் செலவு, உங்கள் வண்டி இன்னொருவரை இடித்து அவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வருவது எல்லாம் இந்த வகை. அடிக்கடியும் நடக்கும், நடந்தால் பெரிதும்கூட என்றால் அதைக் காப்பீடு செய்ய யாரும் முன்வர மாட்டார்கள், வந்தாலும் பிரீமியம் கட்டுப்படியாகாது. அந்த வேலையையே நிறுத்துங்கள்.

சாமான் வாங்கும்போது கவுண்டரில் நீட்டுகிற கூடுதல் வாரண்டி?

நான் எடுப்பதில்லை. அந்தச் சாமான் நாளைக்கே கெட்டால் எரிச்சல் வரும், ஆனால் வாழ்க்கை நிற்காது. பத்துச் சாமான்களுக்கு மறுத்து மிச்சமான பணத்தில் ஒன்றைப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

வீட்டில் முதலில் எதைச் சரிசெய்வது?

புகை, மின்சாரம், வழுக்கல். இந்த மூன்றிலிருந்து தொடங்கினால் தப்பாது.

தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலானவர்களைக் கொல்வது நெருப்பு இல்லை, புகை. தூங்குகிறவரைப் புகை நாற்றம் எழுப்பும் என்று நம்ப முடியாது, அதனால் சத்தம் போட ஒரு கருவி வேண்டும். படுக்கையறைக்கு வெளியே ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று புகை அலாரம் மாட்டுங்கள், மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பாருங்கள், 10 வருடம் ஆனால் கருவியையே மாற்றுங்கள். எரிபொருளில் ஓடும் ஹீட்டர், கொதிகலன், ஜெனரேட்டர் எது இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லாரும் வெளியே வந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால், கசிவு வந்தால் தானே ட்ரிப் ஆகும் பிரேக்கர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். சாதாரண ஃப்யூஸ் வயரைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. ஒரு ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அந்த ஃப்யூஸுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வழுக்கல் பற்றிப் பேசினால் எல்லாரும் கொட்டாவி விடுவார்கள், ஆனால் வயதானவர் இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. குளியலறையில் சுவரில் அடித்த கைப்பிடி, இரவில் எரியும் சின்ன விளக்கு, ஓரம் மடங்காத மிதியடி. அவ்வளவுதான் செலவு.

அப்புறம் வெந்நீர். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பெரியவர் தோலை ஏறக்குறைய ஐந்து நொடியில் ஆழமாக வேக வைத்துவிடும், 50 டிகிரி என்றால் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். தொட்டியில் கிருமி வளராமல் இருக்கச் சூடு 60 வேண்டும், குழாயில் வரும்போது குறைய வேண்டும். இரண்டுக்கும் வழி குழாயருகே பொருத்தும் கலப்பு வால்வு.

சுத்தம் செய்யும் ரசாயனங்களில் ஒரே விதி: பிளீச்சை எதோடும் கலக்காதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின். "இரண்டும் சேர்த்தால் இன்னும் நன்றாகப் பளபளக்கும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு கழுவியவர்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. எரிகிற எண்ணெய் 300 டிகிரிக்கும் மேல் இருக்கும், தண்ணீர் 100-லேயே கொதிக்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் போய், அங்கே ஒரு நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாகக் கூரை வரைக்கும் வீசியடிக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கே இந்தக் கதி.

அடுப்பை அணையுங்கள், கை எட்டினால். சட்டியின் ஓரத்திலிருந்து மூடியைச் சறுக்கி மூடுங்கள், மேலிருந்து போடாதீர்கள். மூடிய பிறகு எட்டிப் பார்க்கத் திறக்க வேண்டாம், சூடு இருக்கும்போது காற்று பட்டால் திரும்பப் பற்றிக்கொள்ளும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற வேலை வேண்டவே வேண்டாம், வழியெல்லாம் சிந்தும், உங்கள் மேலும் சிந்தும். மூட முடியவில்லை என்றால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறித் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். கை வெந்திருந்தால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

வேலையிடத்தில் எல்லாருக்கும் ஹெல்மெட், கையுறை கொடுத்துவிட்டோம். போதுமா?

அது கடைசி வரிசை. வேலையிடப் பாதுகாப்பில் படிப்படியாக ஓர் ஏணி உண்டு, மேலிருந்து கீழே வாருங்கள்: ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, ஆபத்து குறைந்த ஒன்றை அதற்குப் பதிலாக வைக்க முடியுமா, தடுப்பு அல்லது மூடி போட்டு ஆளிடமிருந்து பிரிக்க முடியுமா, வேலை முறையையும் நேரத்தையும் மாற்ற முடியுமா. இவை எல்லாம் பார்த்த பிறகு மிச்சமிருப்பதற்குத்தான் கையுறை. காரணம் எளிது. மேல்படியில் இருப்பவை ஆள் மறந்தாலும் வேலை செய்யும், கையுறை அவர் மாட்டினால்தான் வேலை செய்யும். மதியம் மூன்று மணிக்கு வியர்வையில் நசநசக்கும்போது யார் மாட்டுவார்கள்?

உயரத்தில் இருக்கும் விளக்கைத் துடைக்க ஏணியில் ஏறுகிறவருக்கு பெல்ட் வாங்குவதைவிட, நீளக் கம்பு வைத்த துடைப்பான் வாங்கித் தரையிலேயே நிற்க வைப்பது மேல். ஏறியே ஆக வேண்டும் என்றால், சுவரில் சாயும் உயரம் நாலு அடி என்றால் கால் ஓர் அடி தள்ளி இருக்கட்டும், அதுதான் நாலுக்கு ஒன்று கணக்கு. ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். கையில் வாளி இருந்தால் இது நடக்காது, அதனால் வாளி கயிற்றில் ஏறட்டும்.

சத்தம் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் காது தேயும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். கையெட்டும் தூரத்தில் நிற்கிறவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். போன காது திரும்பாது, அதற்கு எந்த பாலிசியும் காது தராது.

வெளியேறும் கதவைப் பூட்டி வைப்பது பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பு?

1911 மார்ச் 25, நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை. எட்டாவது மாடியில் தீப்பிடித்தது, மேலே ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது, துணி திருடு போகிறது என்ற சந்தேகத்தில். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். இன்று பல நாடுகளில் இருக்கும் வெளியேறும் வழி விதிகளுக்குப் பின்னால் இந்தக் கதவும் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் பின் கதவுக்கு முன்னால் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால் அதுவும் பூட்டுதான், சாவிகூட இல்லாத பூட்டு.

வேலையில் அடிபட்டால் முதலாளி பார்த்துக்கொள்வாரே, நான் எதற்குத் தனியாக எடுக்கணும்?

வேலையிட விபத்துக் காப்பீடு என்ற ஏற்பாடு ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1884-இல் சட்டமானது. அதன் சாரம், தவறு யாருடையது என்று வழக்காடாமல் அடிபட்டவருக்கு உதவி கிடைக்க வேண்டும் என்பது. பல நாடுகள் அந்த வழியில் போயிருக்கின்றன, நல்ல விஷயம்.

ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. வேலை சம்பந்தப்பட்ட காயம் என்று நிரூபணமாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தால் அது வராது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர், தனியாகத் தொழில் செய்பவர் பல இடங்களில் அந்தக் குடைக்கு வெளியே. அப்புறம், முதலாளி தருகிற மருத்துவக் காப்பீடும் குழு ஆயுள் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு போய்விடும். 45 வயதில், ரத்த அழுத்தம் வந்த பிறகு வேலை மாறினால் தனியாகப் புதுப் பாலிசி வாங்குவது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தப் பெயரில் சின்னதாகவாவது ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வீட்டுப் பாலிசி போதாதா?

கேட்டுப் பார்க்காமல் போதும் என்று நினைக்காதீர்கள். நிறைய வீட்டுப் பாலிசிகள் தொழில் சாமான்களை முழுதாக விலக்கும், அல்லது ஒரு சின்னத் தொகைக்கு மேல் தராது. தையல் இயந்திரம், கேமரா, விற்க வைத்திருக்கும் சரக்கு எல்லாம் இதில் மாட்டும். கம்பெனி கொடுத்த லேப்டாப் யாருடைய பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வாடிக்கையாளர் வந்து படியில் விழுந்தால் அது வேறு கணக்கு, மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு. தொழில் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் தீயே வேறு காரணத்தால் வந்தாலும் தகராறு வரலாம்.

பிரீமியம் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

1,000 வீட்டில் வருடத்துக்கு ஒன்று எரிகிறது, ஒரு வீட்டைக் கட்ட 1,000 பங்கு பணம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பங்கு போட்டால் எரிந்த வீட்டைக் கட்டிவிடலாம். அதற்கு மேல் ஆபீஸ் செலவு, கமிஷன், கெட்ட வருடத்துக்கு ஒதுக்கு, லாபம். என் வீடு எரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டம் பெரிதாகப் பெரிதாக எத்தனை எரியும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தொழில் முழுக்க நிற்பது இந்த ஒரு கணக்கின் மேல்.

1666-இல் லண்டனில் பெருந்தீயில் 13,000-க்கும் மேல் வீடுகள் போன பிறகுதான் அங்கே தீக்காப்பீடு தொழிலாகவே தொடங்கியது. ஆரம்பத்தில் கம்பெனிகளே சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தன, காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் உலோக வில்லை அடித்திருப்பார்கள். நஷ்டம் கொடுப்பதைவிடத் தீயை அணைப்பது மலிவு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆயுள் பக்கம், வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலிதான் 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்ற அட்டவணையைப் போட்டுக் காட்டினார்.

நஷ்டத்தில் "முதல் இவ்வளவு உங்கள் கையிலிருந்து" என்கிறார்களே, அதைக் குறைவாக வைப்பதா கூட வைப்பதா?

தாங்க முடிந்த அளவு கூட வையுங்கள். பிரீமியம் இறங்கும். சின்னச் சின்ன கிளெய்ம் போட்டுப் புதுப்பிக்கும்போது சலுகையை இழப்பதும் தவிரும். ஆனால் அந்தத் தொகை உண்மையிலேயே உங்கள் கணக்கில், உடனே எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாத பணத்தைச் சுமக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை.

மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும்தானே?

குறையும். கூடவே கிளெய்மும் குறையும், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத விதத்தில். வீட்டைத் திரும்பக் கட்ட 100 ஆகும், நீங்கள் 50-க்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள். சமையலறை மட்டும் எரிந்து 20 நஷ்டம். 50 வரைக்கும் இருக்கிறதே, 20 முழுதாக வரும் என்று நினைப்போம். பல பாலிசிகளில் இருக்கும் விகிதாசார விதிப்படி 10தான் வரும், ஏனென்றால் பாதி வீட்டுக்குத்தான் காப்பீடு இருக்கிறது, மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று அர்த்தம்.

மறுபக்கம், நிலத்தின் விலையையும் சேர்த்துப் போட்டுப் பிரீமியத்தை வீணாக்குகிறவர்களும் உண்டு. நிலம் எரியாது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதே கணக்கு. இடிபாடுகளை அகற்றுகிற செலவையும் சேர்க்க மறக்காதீர்கள். "ஒரே வீட்டுக்கு இரண்டு கம்பெனியில் எடுத்தால் இரண்டு மடங்கு வருமா?" என்றும் கேட்பார்கள். வராது. நஷ்டத்தை ஈடுகட்டுவதுதான் இந்த ஒப்பந்தம், லாபம் தருவது இல்லை. இரண்டு கம்பெனியும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஆயுள் காப்பீடு மட்டும் வேறு, உயிருக்கு விலை போட முடியாது என்பதால் எத்தனை பாலிசி இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரும்.

சிகரெட் பிடிப்பதை, பழைய நோயை எழுதாமல் விட்டால் கண்டுபிடிப்பார்களா?

வாங்கும்போது கண்டுபிடிக்காமல் போகலாம். கிளெய்ம் வரும்போது ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எல்லாம் வரவழைத்துப் படிப்பார்கள். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் மனைவியோ பிள்ளையோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள்.

காப்பீட்டில் இரு தரப்பும் முழு நேர்மையோடு நடக்க வேண்டும் என்ற கொள்கையை 1766-இல் ஓர் ஆங்கில வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு தெளிவாக எழுதினார். சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையைப் பற்றிய வழக்கு. வேடிக்கை என்னவென்றால், அதில் தோற்றது காப்பீடு கொடுத்தவர்தான். அவருக்குத் தெரிந்திருந்த, தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தைச் சொல்லவில்லை என்று பிறகு சாக்குச் சொல்ல முடியாது என்றது தீர்ப்பு. சில நாடுகளில் இந்தச் சுமை இப்போது தளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனிநபர் கேட்ட கேள்விக்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொன்னால் போதும். எந்த நாடாக இருந்தாலும் ஏஜெண்ட் "நான் நிரப்பிக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றால் போடாதீர்கள். நிரப்பியதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பாலிசித் தாள் நாற்பது பக்கம் இருக்கிறது. எதைப் படிப்பது?

முதலில் விலக்குகள் பகுதி. நான் இதைச் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். சிங்க்குக்குக் கீழே குழாய் மூட்டில் சொட்டு சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அடிப்பலகை வளைந்து நிற்பதைப் பார்த்து விரலால் அமுக்கினேன், நனைந்த அட்டை மாதிரி உள்ளே போனது. சுவர், தரை, பக்கத்து அலமாரி எல்லாம் போயிருந்தது. பாலிசியில் "தண்ணீர்ச் சேதம்" என்று பெரிய எழுத்தில் இருந்ததால் தைரியமாக கிளெய்ம் போட்டேன். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் டார்ச் அடித்துப் பார்த்தார், பலகையின் ஓரத்தில் பூஞ்சை ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்திருந்தது. "இது நேற்று நடந்தது இல்லையே" என்றார். அவ்வளவுதான். திடீரென்று குழாய் வெடித்தால் உண்டு, நாள்பட்ட கசிவுக்கு இல்லை என்று பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. கோபமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அதன் பிறகு மாதம் ஒருமுறை சிங்க்குக்குக் கீழே கை விட்டுத் தடவிப் பார்க்கிறேன்.

தேய்மானம், துரு, கரையான், நாள்பட்ட கசிவு எல்லாம் பொதுவாகக் காப்பீட்டுக்கு வெளியே. வெள்ளம் என்பதற்கு என்ன அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கூரை வழியாக வரும் மழைத் தண்ணீரும் தரையிலிருந்து ஏறி வரும் தண்ணீரும் ஒன்றில்லை. வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் காப்பு நிற்கும் என்ற வரியைத் தேடுங்கள். எரிந்த பழைய சாமானுக்குப் புதுச் சாமான் விலையா, தேய்மானம் கழித்த விலையா என்பதும் முக்கியம், பத்து வருடச் சாமானுக்கு இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மருத்துவப் பாலிசி என்றால் காத்திருப்புக் காலம், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனியாகப் போட்ட உச்சவரம்பு.

ஆயுள் காப்பீடு யாருக்கு வேண்டும்?

உங்கள் வருமானத்தை நம்பி யாராவது இருந்தால் உங்களுக்கு. யாரும் இல்லை, கடனும் இல்லை என்றால் அவசரமில்லை. சம்பாதிக்காத குழந்தையின் பெயரில் பெரிய ஆயுள் பாலிசி எடுப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் சம்பளம் வாங்காமல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அப்படி இல்லை, அவர் செய்யும் வேலையை ஆள் வைத்துச் செய்ய என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தொகை? கடன் பாக்கி, அத்துடன் குடும்பம் தன் காலில் நிற்கும் வரை ஆகும் வருடச் செலவு, அதில் ஏற்கெனவே சேமித்ததைக் கழியுங்கள். இதற்கு டெர்ம் பாலிசி போதும், காலம் முடியும் வரை உயிரோடு இருந்தால் பணம் திரும்பாது, அதனால்தான் மலிவு. "ஒன்றுமே திரும்ப வராதா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் வீட்டுத் தீக்காப்பீட்டுக்கு அப்படிக் கேட்பதில்லை.

எல்லாரும் மறக்கிற ஒன்று: இறக்காமல், வேலை செய்ய முடியாமல் போவது. வருமானம் நின்றுவிடும், செலவு கூடும். சம்பள இழப்புக்கான காப்பீடு எடுக்கும்போது "உங்கள் தொழிலைச் செய்ய முடியாவிட்டால்" என்று இருக்கிறதா, "எந்தத் தொழிலையும் செய்ய முடியாவிட்டால்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். விரல் போன இசைக் கலைஞருக்கு முதலாவதில் பணம் வரும், இரண்டாவதில் டிக்கெட் கவுண்டரில் உட்காரலாமே என்பார்கள்.

கம்ப்யூட்டர், போன், அதிலிருக்கும் தகவல்?

சாமானை வாங்கிவிடலாம், உள்ளே இருப்பதை வாங்க முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா? அதுவரை அது பிரதி என்று சொல்ல முடியாது.

விபத்து நடந்துவிட்டது. கிளெய்முக்கு என்ன செய்ய?

ஆட்கள் பத்திரமா என்று பாருங்கள், பிறகு சேதம் பரவாமல் தடுங்கள்: தண்ணீர்க் குழாயை மூடுங்கள், உடைந்த ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். இது உங்கள் கடமையும்கூட, இதற்கான செலவு ரசீதை வைத்திருங்கள். எதையும் நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. போனில் சொன்னாலும் எழுத்தில் ஒன்று அனுப்பிவிடுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நாறுகிறதே என்று எரிந்த சாமானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சர்வேயர் பார்க்கட்டும். சாலை விபத்தில் அந்த இடத்திலேயே "என் தப்புதான்" என்று ஒப்புக்கொண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

நிராகரித்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் பதில் கடைசிப் பதில் இல்லை. கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் பல நாடுகளில் வழக்கில்லாமல் குறை தீர்க்கும் நடுவர் அமைப்பும் உண்டு. தொகையைக் கூட்டிப் போடுகிற ஆசை மட்டும் வேண்டாம், ஒரு பொய் ரசீது கிடைத்தால் உண்மையான கிளெய்மும் சேர்ந்து போகும்.

இதையெல்லாம் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்க்கணும்?

புதுப்பிப்பு அறிவிப்பு வரும் நாளில். அன்றைக்கு போனை எடுத்து வீடு முழுக்க நடந்து வீடியோ எடுங்கள், அலமாரிகளைத் திறந்து, இயந்திரங்களின் சீரியல் எண் தெரியும்படி, எப்போது வாங்கியது என்று வாயால் சொல்லிக்கொண்டே. பத்து நிமிடம் ஆகும். எரிந்த பிறகு உட்கார்ந்து அந்த அலமாரியில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள், பாதி வராது. நாமினி பெயர் இன்னும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் இன்னும் அப்பா பெயரே இருக்கும். பாலிசி எண்களையும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் இன்னொருவருக்குக் காட்டுங்கள். அந்த வீடியோவை இப்போதே இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள், வீட்டோடு போனும் சேர்ந்து எரியலாம்.